ஆறடி

"ஆறடி. ஓர் அங்குலமும் குறையாது" என்றாள் அற்புதராணி. குருநகரிலிருந்து காலைப் பஸ்ஸில் வந்தவள், விரலில் செபமாலையைச் சுற்றியபடி இருந்தாள். பக்கத்தில் கணவர் மரியரட்ணம் குனிந்த தலை நிமிரவில்லை.

சட்ட வைத்திய அதிகாரி ஜெயனி எழுதுவதை நிறுத்தினாள். வீடு கட்ட அத்திவாரம் வெட்டிய காணியொன்றில் கிடைத்த எலும்புகள் அடுத்த அறையில் இருந்தன. தொடை எலும்பை அளந்து, அந்த ஆளின் உயரத்தைக் கணித்து வைத்திருந்தாள். அதை முதலில் யாருக்கும் சொல்லமாட்டாள். சொன்னால், கேட்பவர்களின் ஞாபகம் அதற்கேற்றபடி வளைந்துவிடும்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா. மகன் காணாமல் போய்க் கனகாலம்."

"பெத்த எனக்குத் தெரியாதே? றொகான் வீட்டுக்கை வரேக்கை நிலையிலை தலை முட்டும். குனிஞ்சுதான் வருவான்."

ஜெயனி மெல்லச் சொன்னாள். "அப்ப இது உங்கடை மகன் இல்லை. இந்த ஆள் அஞ்சடி நாலு. ரெண்டு அங்குலம் கூடலாம், குறையலாம். அதுக்கு மேலை பிழைக்காது."

"மாதாவே!" அற்புதராணி சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள்.

"எதுக்கும் ஐயான்ரை இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாப்பமே? அது இன்னும் நிச்சயம்."

மரியரட்ணம் சேட்டுக் கையை மடிக்கத் தொடங்கினார். அற்புதராணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உயரமே சரிவரேல்லை, பிறகேன் இரத்தம்? எழும்புங்கோ, பஸ் போகப்போகுது."

இருவரும் போய்விட்டார்கள். இன்றைக்கு ஒரு தாயை அழவைக்கவில்லை என்று ஜெயனிக்கு ஆறுதலாக இருந்தது. பிறகுதான் கதிரையடியில் கிடந்த குடையைக் கண்டாள். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

வாசல் வேம்பின் கீழ் மரியரட்ணம் நின்று விம்மிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நின்றும் மனைவியின் உயரம்தான் இருந்தார்.

"அவன் என்ரை உயரம்தானே ராணி. என்ரை சேட்டைப் போட்டுக்கொண்டுதானே திரிஞ்சவன். கொண்டுபோய் அடக்கம் செய்திருக்கலாமே. ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

ஜெயனி குடையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அற்புதராணி முந்தானையால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அளவு சரிவந்தால், பிறகு நான் ஆரைத் தேடுறது?"