முதல் கீஸர்

"இந்தப் புனே குளிர்ல பச்சைத் தண்ணியில குளிக்க முடியுமா, சார்?"

வாகட் பகுதி அடுக்குமாடிக்குப் போன வாரம்தான் குடிவந்திருந்த கோகுல்நாத், லிஃப்டுக்குக் காத்திருந்த ஸ்ரீவத்சனிடம் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"செக்ரட்டரி சந்திரிகா மேடத்தை மாத்தச் சொல்லி மனு. ஏற்கெனவே ஆறு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்களும் போடுங்க."

"அப்படி என்ன பண்ணிட்டாங்க?"

"பிளம்பரோட வந்து எங்க பாத்ரூம்ல இருந்த கேஸ் கீஸரைக் கழட்டிட்டாங்க. குழந்தைக்குக் குளிருமேன்னு ஜன்னலைத் தெர்மாகோல் வச்சு அடைச்சிருந்தேன். அது தப்பாம்."

"அடைச்ச பாத்ரூம்ல கீஸர் எரிஞ்சா விஷவாயு சேரும். வாசனையே வராது. மயங்கி விழுற வரைக்கும் தெரியாது."

"அவங்களும் இதையேதான் சொன்னாங்க. பால்கனியில மாட்டினாதான் கனெக்‌ஷன் தருவாங்களாம். பிளம்பர் ஞாயித்துக்கிழமைதான் ஃப்ரீயாம். குழந்தைக்கு அடுப்புல சுட வச்சுடறோம். எனக்குப் பச்சைத் தண்ணிதான்! சட்டமெல்லாம் நமக்குத்தான் சார். அவங்க வீட்டுல கை வச்சிருப்பாங்களா?"

"முதல்ல கழட்டினதே அவங்க வீட்டு கீஸரைத்தான். அங்கேயும் மூணு நாளா பச்சைத் தண்ணிதான்."

கோகுல்நாத் நம்பவில்லை. "அவங்க வீட்டுக்காரர் சும்மாவா விட்டார்?"

ஸ்ரீவத்சன் மங்கி குல்லாயைக் கழற்றிவிட்டு, ஈரத் தலையோடு நிமிர்ந்து நின்றார்.

"கத்து கத்துன்னு கத்திப் பார்த்தேன். அவ அசைஞ்சு கொடுக்கல. கடைசியில ஸ்பானரை எடுத்துக் கொடுத்ததே நான்தான்."