ஆறு ஊசி

“தறியில கயிறு இழுத்தா உயிரு போவுது டாக்டர். சட்டை மாட்டக்கூட கை எழும்பல. கல்யாணப் பொடவை பாதியில நிக்குது,” என்றாள் மதிவதனி.

அக்குபங்சர் டாக்டர் வனிதா, அவள் வலது தோளில் ஆறு ஊசிகளைச் செருகினார். கணவன் தென்னரசு, இடது கையால் பையை அணைத்தபடி கண்கொட்டாமல் பார்த்தான்.

“வலிக்குதாம்மா?” என்று கேட்டார் வனிதா.

“எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல!” மதிவதனி உரக்கச் சொன்னாள்.

ஊசிகளை எடுத்ததும், “மெதுவா கையத் தூக்குங்க,” என்றார் வனிதா.

சட்டென்று தலைக்கு மேல் தூக்கினாள்.

வனிதா திகைத்தார். “ஒரே தடவையிலயா?”

“எனக்கு ஏது டாக்டர் வலி? எல்லாம் இவருக்குத்தான். போன வாரம் போளூர்ல ஊசியப் பாத்ததும் எழுந்து ஓடியாந்துட்டாரு.”

கணவன் பக்கம் திரும்பினாள்.

“பாத்துகினுதான இருந்தீங்க? சட்டையக் கழட்டுங்க.”