மூன்று நாள் ராணி

“என்ன, இந்த மாசம் வாங்கணுமா?”

குப்பைக் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டார் டிரைவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துக் கேட்டதே கிடையாது. அத்தனை நெரிசலில் பேருந்து ஓட்டுகிற மனிதருக்கு இதில் மட்டும் அப்படியொரு கூச்சம்.

“ஆமாங்க. இன்னிக்குதான்” என்றாள் அவள், கூசாமல்.

பச்சைப் பொய். மாதவிலக்கு வந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிறது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, வேர்வை ஊற்றுகிறது, தூக்கம் பிடிப்பதில்லை. தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைக்கும்போது காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

“நிக்கப் போற வயசு, அப்படித்தான் இருக்கும்மா. வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடுங்க, அனுசரிச்சுப்பார்” என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அந்த மூன்று நாள் போய்விடும்.

மற்ற நாளெல்லாம் டிரைவர் வருவார், சாப்பிடுவார், படுப்பார். சமையலறைப் பக்கம் தலை காட்டினால், “வேலையைக் கெடுக்காதீங்க” என்று அவளே விரட்டிவிடுவாள். அந்த மூன்று நாள் மட்டும் செய்தித்தாளில் சுற்றிய நாப்கின் பொட்டலத்தை நீட்டிவிட்டு, “நீ உக்காரு” என்று உள்ளே நுழைந்துவிடுவார். சோற்றைக் குழைய விடுவார், உப்பை அள்ளிப் போடுவார். டீயும் வெந்நீர்ப் பையும் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

“ஒரு ஆளு ஏணியோட ஏறிட்டான். எட்டு ஸ்டாப்பு வரைக்கும் ஒருத்தராலயும் குனியாம இறங்க முடியல” என்று அன்றைக்கும் பேருந்துக் கூத்தைச் சொன்னார். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

இந்தப் பேச்சுக்காகத்தான் மாதம் முழுக்க ஏங்கினாள். விஷயம் தெரிந்தால் இதுவும் இல்லாமல் போய்விடுமே. அதனால் பொட்டலங்களைப் பிரிக்காமலே பீரோவின் அடித்தட்டில், பழைய துணிகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். அன்று வந்ததோடு ஐந்து.

மறுநாள் சாயங்காலம் தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றுமுன்பே காதைக் கடித்தாள். “அக்கா, வழியிலேயே ஆயிடுச்சு. நாப்கின் இருந்தா ஒண்ணு குடேன்.”

“ஒண்ணென்ன, கடையே வெச்சிருக்கேன்” என்று கையில் அகப்பட்ட பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

சற்று நேரத்தில் குளியலறைக் கதவிடுக்கில் தங்கையின் தலை தெரிந்தது. “விளையாடறியா அக்கா? இதுல துண்டுல்ல இருக்கு.”

மெல்லிய பருத்தித் துண்டு. இன்ஜின் சூட்டில் உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவர் கழுத்து வேர்வை துடைக்கத் தோளில் போட்டிருப்பாரே, அதே மாதிரி.

மற்ற பொட்டலங்களையும் அவசர அவசரமாகப் பிரித்தாள். முதல் மாதத்துப் பொட்டலத்தில் மட்டும் நாப்கின் இருந்தது. அதைத் தங்கையிடம் கொடுத்தாள். மீதி எல்லாவற்றிலும் துண்டுதான்.

நான்கு துண்டுகளையும் அள்ளிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். வெங்காயம் நறுக்கிய கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

“தினமும் குப்பையைக் கொட்டறவன் நான்தானே. முதல் மாசமே தெரிஞ்சுபோச்சு. என்னிக்காவது பிரிச்சா உன் வேர்வைக்கு ஆகுமேன்னுதான் துண்டு வெச்சேன்” என்றார், முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்து. “தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா, மறுபடி என்னை இங்க உள்ள விடுவியா? நானும் அந்த மூணு நாளுக்காகத்தான் மாசம் பூரா காத்துக் கிடக்கறேன்.”