எந்தத் தோளுக்குத் துப்பாக்கி?

“இதுவும் வேணாம்ப்பா.”

காவ்யா அந்தத் துப்பாக்கியையும் திருப்பி மேஜை மேல் வைத்தாள். அருணகிரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆரணியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு, சென்னை நெரிசலில் சிக்கித் தவித்து, கடையைக் கண்டுபிடித்து வந்தது எல்லாம் மகள் இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிக் கழிப்பதை வேடிக்கை பார்க்கவா?

“இதுக்கு இன்னாம்மா கொறைச்சல்? தூக்கிப் பாரு, எவ்ளோ கனமா கீது!”

பட்டு வியாபாரி அல்லவா? எடை இருந்தால்தான் சரக்கு என்பது அவர் கட்சி. கடையில் இருந்த ஏர் ரைஃபிள்களை எல்லாம் கையில் ஏந்தி ஏந்திப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை அவரே எடுத்து வைத்திருந்தார்.

கடைக்காரர் சிரித்தார். “இதுக்கு எடை மட்டும் போதாது சார். சுடறவங்க தோளுக்கும் கைக்கும் பொருந்தணும். பாப்பா, நீ எந்தக் கை?”

“வலது கை, அங்கிள்.”

“அப்ப இதைப் பிடி. கைப்பிடி, கன்னத்தைப் பதிக்கிற கட்டை எல்லாமே வலது கைக்காரங்களுக்குன்னே செஞ்சது.”

காவ்யா வாங்கி, வலது தோளில் பொருத்திக் குறி பார்த்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அவள் முகம் மலர்ந்ததை அருணகிரி கவனித்தார். அப்பாடா, முடிந்தது என்று சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

அதற்குள் காவ்யா துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினாள். இப்படியும் அப்படியும் நெளிந்தாள். கீழே வைத்துவிட்டாள்.

“வேணாம்ப்பா.”

“வலது தோள்ல நல்லாத்தானே இருந்துச்சு? அங்க இங்க மாத்தி வெச்சிகினு எதுக்கும்மா பேஜார் பண்ற?”

காவ்யா கடைக்காரர் பக்கம் திரும்பினாள். “ரெண்டு தோளுக்கும் பொருந்தற மாதிரி இருக்கா, அங்கிள்?”

கடைக்காரர் அருணகிரியை ஒரு மாதிரிப் பார்த்தார். உங்கள் பெண்ணுக்கு நிஜமாகவே சுடத் தெரியுமா என்று கேட்காமல் கேட்கிற பார்வை.

அருணகிரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “போன மாசம் மாவட்டப் போட்டியில கோல்டு மெடல் வாங்கின பொண்ணு சார் இது!” என்று செல்போனை எடுத்து நீட்டினார்.

அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் ஆரணியில் கிடையாது. கடைக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள்கூட, காவ்யாவின் மெடலைப் பார்த்த பிறகுதான் புடவையைப் பார்க்க முடியும்.

படத்தில் காவ்யாவுக்குப் பக்கத்தில் வெள்ளி மெடலோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கலைமகள். களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் தருமனின் மகள். ஆரணியில் காவ்யாவோடு ஒரே துப்பாக்கி சுடும் கிளப்பில் பயிற்சி எடுப்பவள். மயிரிழையில்தான் தோற்றிருந்தாள்.

அந்த மயிரிழைதான் அருணகிரியைத் தூங்கவிடவில்லை. மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான், இன்னொரு முறை சுட வைத்துத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். மகளுக்குச் சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்துவிட்டால் கவலை விட்டது.

“இனிமே அந்தக் களம்பூர்ப் பொண்ணு உன் கிட்டயே வர முடியாது பாரு,” என்று காரில் வரும்போதுகூடச் சொன்னார். காவ்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைக்காரர் உள்ளே போய் இன்னொரு துப்பாக்கியோடு வந்தார். “இதுல கன்னக் கட்டையை இந்தப் பக்கமும் மாட்டலாம், அந்தப் பக்கமும் மாட்டலாம். கைப்பிடியும் அப்படித்தான். ஆனா பாப்பாவுக்கு முன்னால பார்த்ததுதான் கச்சிதம்.”

காவ்யா வலது தோளில் வைத்துப் பார்த்தாள். கட்டையை மாற்றச் சொல்லி இடது தோளிலும் வைத்துப் பார்த்தாள்.

“இதான்ப்பா!”

“கச்சிதமா இருக்கறத வுட்டுட்டு இதைப் போய்...” செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று முணுமுணுத்தபடியே அருணகிரி பணத்தைக் கட்டினார்.

கடைக்காரர் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடினார். “பெட்டி மேல பேர் ஒட்டித் தரோம். என்ன பேர் போடட்டும்?”

“காவ்யா, கலைமகள்னு போடுங்க, அங்கிள்.”

அருணகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கலைமகளா? அவ பேரு எதுக்கு?”

“அவளுக்கு எடது கைப்பா. கிளப்புல கீறதெல்லாம் வலது கைத் துப்பாக்கி. வராத கையால சுட்டே வெள்ளி வாங்கிட்டா அவ.”

“இத ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ கடைக்கே வந்திருக்க மாட்டே.”

ஊரெல்லாம் காட்டிய படம் அருணகிரியின் கையிலேயே இருந்தது. செல்போனை மெல்லச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அவ அவளோட கையில சுடட்டும்ப்பா. அப்பவும் நான் ஜெயிச்சா, அந்தப் போட்டோவ எல்லாருக்கும் காட்டு.”

“ஒருவேளை அவ ஜெயிச்சிட்டா?”

“நல்லா சுடறவதானேப்பா போவணும்?”

தங்க மெடல் வாங்கிய அன்றுகூட அவருக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. இப்படியொரு பெண்ணைப் பெற்றோமே என்று நெஞ்சு விம்மியது.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “ஒரு பேருக்குத்தான் சார் இடம் இருக்கு. ரெண்டு பேர்ல யார் பேரைப் போடட்டும்?”

மகள் வாயைத் திறப்பதற்குள் அருணகிரி முந்திக்கொண்டார்.

“ஆரணின்னு போடுங்க.”