முப்பத்தேழாவது தட்டு

முப்பத்தேழாவது தட்டில் இயந்திரம் மறுபடியும் நின்றது.

மூன்று நாளாக இதே கூத்து. சிப் தயாரிக்கும் சிலிக்கான் தட்டு முப்பத்தாறு வரை சமர்த்தாக ஓடும். முப்பத்தேழு வந்தால் சிவப்பு விளக்கு.

யாலிங் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாளை இரவு அவளுக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை தைவானில், சொந்த ஊர் சிஞ்சுவில் அவளுக்குக் கல்யாணம். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள், மாற்ற முடியாது. நாற்பது மேசை விருந்துக்குச் சொல்லியாகிவிட்டது. சொந்தக்காரர் வீடுகளுக்குக் கல்யாணக் கேக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

கம்பெனி கொடுத்த தாளில் ஒரே ஒரு நிபந்தனை. நிற்காமல் நூறு தட்டு ஓட வேண்டும். அப்புறம்தான் விடுப்பில் கையெழுத்து.

போதாக்குறைக்கு நாளை மதியம் ரிப்பன் வெட்ட செனட்டர் வேறு வருகிறார்.

இயந்திரம் ஏன் நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் தலையில் ஓர் இடம் காலியாக இருந்தது. எட்டு மாதமாக அங்கே ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. உள்ளே சோளப்பொரி. அதன் பெயருக்கே 'சமர்த்தாயிரு' என்றுதான் அர்த்தம்.

சிஞ்சுவில் அது இல்லாமல் எந்த இயந்திரமும் ஓடாது. டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் வைக்கிறார்கள். நிறம் பச்சையாகத்தான் இருக்க வேண்டும். யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. கெடு முடிவதற்குள் புதிது மாற்ற வேண்டும். அவ்வளவுதான் சாஸ்திரம்.

ஊரிலிருந்து வரும்போது பயணப் பெட்டியில் துணிமணிக்கு நடுவே பொத்திப் பொத்தி அவள் கொண்டுவந்தது அது. திங்கள் காலை வந்து பார்த்தால் காணோம்.

எடுத்தது யார் என்பதும் தெரியும். டேல் கார்மடி.

ஐம்பத்தெட்டு வயது ஃபோர்மேன். தொப்பியில் அமெரிக்கக் கொடி, வண்டியில் கொடி, காபிக் கோப்பையிலும் கொடி. அவள் வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, இருபது கோடி டாலர் மெஷினுக்கு ஒரு பொரிப் பொட்டலமா காவல் தெய்வம்?"

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. செனட்டர் கண்ணில் உள்நாட்டுச் சாமான் மட்டுமே பட வேண்டுமாம். கேன்டீனில் தைவான் நாட்காட்டி இறங்கியது. மிளகாய் விழுதுப் புட்டிகள் மறைந்தன. டேல் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குள்ளிருந்து ஒரு பச்சை நுனி எட்டிப் பார்த்ததை அவளே பார்த்தாள்.

கேட்கவில்லை. பொரி இல்லாததால் இயந்திரம் நின்றது என்று எந்த எஞ்சினியர் அறிக்கை எழுதுவாள்?

ஊரில் மாமா கிளம்பும்போதே சொன்னார். "நம்ம தொழிலத் தூக்கி அவங்க கையில குடுக்கப் போறே. அதுக்கு மேல கல்யாணத்துக்கு லீவு வேற கேக்கணுமா நீ?"

இங்கேயானால் டேல். மூன்று நாளாக ஃபோனும் கையுமாக வாசலில் நின்று யாரிடமோ கத்திக்கொண்டிருக்கிறார். போகும்போதும் வரும்போதும் அவள் காதில் விழுந்தது ஒன்றுதான். "வெளிநாட்டுச் சாமான், வெளிநாட்டுச் சாமான்! இன்னும் எத்தனை நாளைக்கய்யா இதே பாட்டு?"

தன்னைத்தான் சொல்கிறார் என்று யாலிங் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற ஜுன்வெய் நேற்று ஃபோனில் சிரிக்க வைக்கப் பார்த்தான். "உன் மெஷின்கிட்டச் சொல்லு, நாப்பது மேசைச் சாப்பாட்டையும் மாப்பிள்ளை ஒருத்தனே திங்க முடியாதுன்னு." அவள் சிரித்தாள். ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இன்று புதன். காலை பத்து மணிக்கு வெற்றிடக் குழாயின் அடியில் ஊர்ந்து போய் ஒரு ரப்பர் வளையத்தை மூன்றாவது முறையாக மாற்றினாள். உதவிக்கு டேலைத் தேடினால் ஆள் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

வெளியே பாலைவனம் தகித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவள்.

பதினொரு மணிக்கு டேல் வந்தார், சட்டையெல்லாம் வியர்வை. நேராகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் போனார், வந்தார்.

"இப்பப் போட்டுப் பாரு கண்ணு."

முப்பத்தாறு. முப்பத்தேழு.

முப்பத்தெட்டு.

சாயங்காலம் நூறாவது தட்டு இறங்கியபோது கையெழுத்தும் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். 'வளையம்தான்,' என்று யாலிங் தனக்குள் சொல்லிக்கொண்டாள். டேலிடம் விடைபெறக்கூடாது என்றும் தீர்மானித்துக்கொண்டாள்.

விட்டுப்போன ஸ்பேனரை எடுக்கப் பெட்டிக்குப் பின்னால் போனாள்.

செனட்டர் எத்தனை எட்டிப் பார்த்தாலும் தெரியாத ஓர் இடுக்கில், பச்சைப் பொட்டலம்.

எடுத்தாள். அவளுடையது இல்லை. புத்தம் புதிது. மேலே சின்னதாக ஒரு கொடி ஒட்டியிருந்தது. சுங்கச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. பெறுபவர், டேல் கார்மடி. வரவழைத்தது மூன்று வாரத்துக்கு முன்னால். வெளிநாட்டுத் தின்பண்டம் என்று நிறுத்தி வைத்து, இன்று காலைதான் விட்டிருக்கிறார்கள்.

கீழே அந்த அட்டைப்பெட்டி. அதற்குள் அவளுடைய பழைய பொட்டலம், பிரிக்காமல், நசுங்காமல்.

அதன் கெடு தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை.