மேலே ஒட்டிய சீட்டு

"திறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி, போனில்.

"சத்தியமா இல்ல."

பொய்யில்லைதான். ஆனாலும் குரலில் ஒரு திருட்டு முழி இருந்தது.

ரெண்டு பெட்டியோடு வெளியூர் வேலைக்குப் போனவள் அவள். லீவு கிடைத்தால் ஒரு தோள்பையோடு வருவாள். துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் கிளம்பிவிடுவாள். இந்த ஊர்க் கிளைக்கே மாற்றல் கேட்டிருந்தாள். இன்றைக்குப் பதில் வந்துவிட்டதாம். அதைப் பார்க்காமலே தன் சர்வரில் ஏற்றி, இணைப்பை அனுப்பியிருந்தாள். சாயங்காலம் வீடியோ காலில் ரெண்டு பேரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும் என்று கண்டிஷன்.

யாரிடம்? நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, அப்புறம் முன்னட்டைக்கு வருகிற ஆளிடம்.

போனை வைத்ததும் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தான். நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், எழுதி ஓடவிட்டிருந்தான். அது கோப்பை இறக்காது. சர்வரிடம் கோப்பின் மேல்விவரமான ஹெடரை மட்டும் கேட்டு வாங்கும். என்ன வகைக் கோப்பு, எவ்வளவு பெரிசு, கடைசியாக எப்போது மாறியது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்கும்.

"இதுக்குப் பேரு திறக்கிறது இல்லையா?" என்றாள் அவன் அக்கா, டீ கொதிக்க விட்டபடி.

"இல்லக்கா. பார்சலைப் பிரிக்காம மேல ஒட்டின சீட்டை மட்டும் படிக்கிற மாதிரி."

"அதாவது, குடுத்த வாக்கைக் காப்பாத்திக்கிட்டே மீறுற."

அவன் திரையைக் காட்டினான். முகம் தொங்கிப்போயிருந்தது. கோப்பு ரொம்பச் சின்னது. மாற்றல் உத்தரவு என்றால் விதிமுறை, முத்திரை, கையெழுத்து என்று நாலு பக்கமாவது நீளும். 'கிடையாது' என்று சொல்ல ஒரு வரி போதாதா?

"போச்சுக்கா."

"சைஸைப் பாத்தே அழுகிறவனை இப்பத்தான்டா பாக்கறேன்" என்று மூன்று டம்ளரில் டீயை ஊற்றினாள்.

"மூணாவது யாருக்கு?"

"உன் பயத்துக்கு. காலைலேர்ந்து அதுவும் நம்மகூடத்தானே உக்காந்திருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டென்று எழுந்து அலமாரியைத் திறந்தான். வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய்விடுவதாகவும், கிடைத்த வேலையைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிக்கொண்டே சட்டைகளை இழுத்துப் போட்டான். "டிவியைப் போட்டு விட்டாதான் தூக்கம் வருதாம் அவளுக்கு. தனியா எத்தனை நாள்க்கா இருப்பா?"

அக்கா பேச வாயெடுத்தாள். என்னவோ நினைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. ஹெடரில் ஏதாவது மாறினால் மட்டும் அடிக்கும்படி எழுதியிருந்தான். சட்டையும் கையுமாக ஓடினான்.

வகை, அளவு, நேரம் எல்லாம் அப்படியே இருந்தன. அடியில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. சர்வரை வைத்திருப்பவர் கைப்பட எழுதினால் ஒழிய வராத வரி, ஆங்கில எழுத்தில் தமிழ்:

"நீங்க ஹெடரைத்தான் நோண்டுவீங்கன்னு தெரியும். கோப்புல வெறும் புள்ளிதான். அதை விட்டுட்டுக் கதவைத் திறங்க, ரெண்டு பெட்டியும் கனக்குது."