ஒரு புருவத்துக்கு ஒரு மணி நேரம்

"இவங்க வேண்டாம்மா," என்றாள் கல்யாணப்பெண், கண்ணாடியைக்கூடச் சரியாகப் பார்க்காமல்.

பெட்டியை மூடிக்கொண்டிருந்த மேக்கப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. மலைமேல் நடக்கிற கல்யாணங்களுக்கென்றே பேர் போனவள் அவள். பனியில் கலையாத கொண்டை, குளிரில் வெடிக்காத உதடு, எல்லாவற்றையும் முக்கால் மணியில் செய்து காட்டியிருந்தாள்.

அவள் படியிறங்கும் வரை பொறுத்திருந்து அம்மா கேட்டாள். "முகம் ஜொலிக்குதேடி. என்ன குறை கண்டே?"

"குறை ஒண்ணுமில்ல. ரொம்ப வேகமா முடிச்சிட்டாங்க."

வேகமாக வேலை செய்வதும் ஒரு குற்றமா என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. இதற்கு முன்னால் வந்தவளுக்கும் இதே கதிதான். 'இதுவரைக்கும் ஒரு கல்யாணத்துக்கும் நான் லேட் பண்ணினதில்ல' என்று அவள் பெருமையாகச் சொன்னதும், மகள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

கல்யாண வேலை முழுவதும் அம்மாவின் ஒற்றைத் தலையில். கணவர் ரயில் ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரிக்குக்கூட லீவு தரவில்லை; டூட்டி முடிந்து அவர் மலையேறி வர, விடிந்து இரண்டு மூன்று மணி நேரமாகிவிடும். மேகம் காலடியில் நிற்கும்போது போட்டோ எடுக்க வேண்டும், அதனால் விடிந்ததும் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரே பிடிவாதம். கொஞ்ச நேரம் தள்ளி வைக்க முடியுமா என்று வாயைத் திறந்ததற்கு, "ஒருத்தருக்காக இத்தனை பேரும் குளிர்ல நிக்கணுமா?" என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டார் சம்பந்தியம்மா. 'விடு, நான் வீடியோவுல பாத்துக்கறேன்' என்று கணவரே சொன்ன பிறகு அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

அதையெல்லாம்கூட அம்மா விழுங்கிவிட்டாள். விழுங்க முடியாதது வேறொன்று.

முந்தாநாள் மகள் பால்கனியில் நின்று தணிந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்தாள். துணி எடுக்கப் போன அம்மாவின் காதில் தெளிவாக விழுந்தது. "நீங்க எப்படியாவது வந்துடுங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் ரூமை விட்டு வெளியே வர மாட்டேன்."

அழைப்பிதழ் கொடுத்தாயிற்று, மலைமேல் இரண்டு வீட்டு ஜனத்துக்கும் அறை போட்டாயிற்று. இனி ஏதாவது ஒன்று ஆனால் வெளியே தலைகாட்ட முடியுமா? அது போகட்டும். பிடிக்காத கல்யாணத்துக்குப் பெற்ற பெண்ணைத் தள்ளிக்கொண்டு போகிறோமோ என்ற நினைப்புதான் அவளை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை போய்ப் பார்த்தாள்.

அடுத்து வந்தவளை மகளே தேடிப் பிடித்திருந்தாள். தொழிலில் இருப்பவர்கள் அவளை 'ஆமை அக்கா' என்றுதான் சொல்வார்களாம். 'கை சுத்தம். ஆனா பொண்ணு வெளியே வர்றதுக்குள்ள எல்லாருக்கும் பசி வந்துடுச்சு' என்று யாரோ இணையத்தில் திட்டி எழுதியிருந்ததை, மகள் ரசித்து ரசித்து வாசித்துக் காட்டினாள்.

சாம்பிள் காட்ட வருவதற்கே ஆமை அக்கா தாமதம். வந்தவள் பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசை வைத்தாள். இடது புருவத்தை வரைந்தாள், தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். அம்மா கொடுத்த டீ ஏடு கட்டிவிட்டது; புருவம் மட்டும் முடிந்தபாடில்லை.

"ஏம்மா, கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் பண்ணுவீங்களா?"

"மனசுக்குத் திருப்தியா வரலைன்னா அழிச்சிடுவேங்க. அவசரப்படுத்தினா எனக்குக் கை ஓடாது. அதனாலதான் பாதிப் பேர் என்னைக் கூப்பிடறதில்ல."

"வெளியே எல்லாரும் கத்தினா?"

"கத்துவாங்க. நான் கதவைப் பூட்டிக்குவேன்."

"இவங்களே போதும்மா," என்றாள் மகள் கண்ணை மூடியபடியே. பல நாளாகக் காணாத நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அம்மாவுக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

ஆமை அக்கா பெட்டியைக் கட்டிக் கிளம்ப அது ஒரு யுகம். அவள் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள்.

"உண்மையைச் சொல்லு. உனக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கும்மா. அவரையும் பிடிச்சிருக்கு."

"அப்புறம் யாரு வர்ற வரைக்கும் ரூமை விட்டு வெளியே வர மாட்டேன்னு சொன்னே? பால்கனியில நீ பேசினதைக் கேட்டுட்டேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "யாரா இருந்தாலும் சொல்லிடுடி. நான் உங்கப்பாகிட்டப் பேசறேன்."

மகள் திகைத்துப் போய் நின்றாள். ஒரு புருவம் அம்சமாக, மற்றது வெறுமையாக. பிறகு அம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"உனக்குப் பொய் சொல்ல வராதேன்னுதான் உங்கிட்ட மறைச்சேன்," என்றாள். "அப்பாவுக்காகன்னா காத்திருக்க மாட்டாங்க, பொண்ணுக்கு மேக்கப் முடியலைன்னா காத்திருந்துதானேம்மா ஆகணும்?"